அம்லோடிபினும் என் சேஃப்டி ஷூவும்

அன்புத் தம்பி அமலனுக்கு, மூத்தவன் மரியஜோசப் எழுதுவது. போன செவ்வாய்க்கிழமை வல்லம் வடகால் கம்பெனிக்குள், நான் சப்ளை பண்ணின, சரக்கு அடுக்கும் மரப் பேலட் மேலேயே மயங்கி விழுந்தேன். பேலட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணி ரோஸி சுகம். நானும் சுகம் என்று எழுத நாலு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர்.

நடந்தது இதுதான். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டதில் எனக்குக் கணுக்கால் வீங்கி, சேஃப்டி ஷூ நுழையவில்லை. கேட்டில் செக்யூரிட்டி, "ஷூ இல்லாம உள்ள வுட மாட்டேன் சார்" என்றான். "இன்னாப்பா, மூணு வருஷமா இங்க லோடு எறக்கினு கீறேன்" என்றேன். "மேனேஜரே வந்தாலும் ஷூ வேணும்." ஆர்டர் பேசும் நாள் நெருங்கியது. சரக்கு சரியில்லையென்றால் நிறுத்துவதுதானே நம்ம வழக்கம், மாத்திரையை நிறுத்தினேன். வீக்கம் வடிந்தது, ஷூ ஜம்மென்று ஏறியது, அந்த சந்தோஷத்தில் அதே மாத்திரை சாப்பிடும் உனக்கும் போன் போட்டு, "அந்த மாத்திரை வேஸ்ட், நிறுத்துடா" என்றேன் பாரு, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நிறுத்தின ஒன்பதாம் நாள்தான் பேலட் மேல் விழுந்தேன், கம்பெனி நர்ஸ் பார்த்தபோது எனக்கு பிரஷர் 196க்கு 112.

ஸ்ரீபெரும்புதூர் சசிரேகா டாக்டர் அதற்குப் பதில் சில்னிடிபின் என்ற மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "ரெண்டுல எது ஒஸ்தி மேடம்?" என்றேன். "ரெண்டும் ஒரே வகைதான். இதுல கால் வீக்கம் கொஞ்சம் கம்மி, அதனால உங்களுக்கு இது. அம்லோடிபின் நல்ல மருந்து, நெறைய பேருக்கு ஒத்துக்கும். வீங்கினா என்கிட்ட வரணும், நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். "தம்பிக்கு?" என்றேன். "தம்பியைப் பாக்காம நான் சொல்ல மாட்டேன். நீங்க எப்படி சொன்னீங்க?" "தப்புதான் மேடம்" என்றேன். முப்பது வருஷ வியாபாரத்தில் இது முதல் தடவை.

உனக்குக் கால் வீங்கவே இல்லை. என் பேச்சைக் கேட்டுப் பன்னிரண்டு நாளாக நிறுத்தியிருக்கிறாய். போனில் சொல்லித்தான் உன்னைக் கெடுத்தேன், அதனால் எழுதி நம்ம டிரைவர் ராஜாமணி லாரியில் அனுப்புகிறேன். ஷிப்டுக்குப் போகுமுன் இருங்காட்டுக்கோட்டையிலேயே ஒரு டாக்டரைப் பார். மாதா உன்னையும் பிள்ளைகளையும் காப்பாளாக.

மரியஜோசப்

பி.கு: என் புது மாத்திரையில் பத்து, சாம்பிளுக்கு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

பி.கு. இரண்டு: ரோஸி கவரைப் பிரித்து மாத்திரையை எடுத்துவிட்டாள். அவளிடம் ஒத்துக்கொண்டது: இன்று சாயங்காலத்துக்குள் நீ பிரஷர் பார்த்து நம்பரை அவளுக்கு அனுப்ப வேண்டும். பேலட் விலை தவிர வேறு எதைப் பற்றியும் நான் இனி யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது.