பந்தை நேராகத் தூக்கிப் போடுவது எப்படி

மூன்றாவது பந்து மின்விசிறியில் அடிபட்டு, சுவரில் மோதி, அளவு கொடுக்க வந்திருந்த அம்மாளின் கைப்பைக்குள் போய் உட்கார்ந்தது.

"ஐயோ! உள்ள என்னமோ விழுந்துடுச்சு!"

"பயப்படாதீங்க, பந்துதான்," என்றாள் தையல்காரி, உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே. "எங்க வீட்டுக்காரர் டென்னிஸ் ஆடப் போறாராம்."

வீட்டுக்காரர் மட்டையும் கையுமாக அசடு வழிய நின்றார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். ஓய்வுபெறும் நாள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. முட்டியை மடக்கினால் பழைய கதவு திறக்கிற சத்தம். அடுத்த மாதம் கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு. அதில் இவருக்கும், 'ஒட்டகம்' என்று பெயர் வாங்கிய பழைய எதிராளிக்கும் ஒரு செட் ஆட்டம் என்று முடிவாகியிருந்தது.

இவருக்குக் கல்லூரியில் 'இடி' என்று பெயர். இவர் சர்வீஸ் போட்டால், எதிரில் நிற்பவன் விழிப்பதற்குள் பந்து பின்வேலியில் போய் மோதும். செம்மண் தரை, ஈரம் காயாத சுண்ணாம்புக் கோடு, சாயங்கால வெயில், வேலிக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு "இடி! இடி!" என்று கத்தும் கூட்டம். கண்ணை மூடினால் இன்றைக்கும் காது நிறைந்துவிடும்.

"அப்பல்லாம் பந்தைத் தூக்கிப் போட்டா, அலமாரித் தட்டுல வச்ச மாதிரி அப்படியே நிக்கும்," என்றார். "நான் நிதானமா அடிப்பேன்."

"இப்ப அந்தத் தட்டு எங்க போச்சு?" என்றாள் மனைவி.

அதுதான் பிரச்சினை. ஒரு பந்து தலைக்குப் பின்னால் போனது. ஒன்று இடது பக்கம் ஓடியது. ஒன்று கைப்பைக்குள்.

மகள் கைபேசியோடு வந்தாள். "அப்பா, மணிக்கட்டை ஆட்டாதீங்க. கையை நேரா நீட்டி, கண்ணுக்கு நேரா வர்றப்ப விரலைத் திறந்து விடணும். வலது தோளுக்குக் கொஞ்சம் முன்னாடி. வீசி எறியக் கூடாது, ஏத்தி வைக்கணும்."

ஏற்றி வைத்தார். பந்து நேராகத்தான் போனது, குழல் விளக்குக்கு. தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் மேல் கண்ணாடித் தூள் பொழிந்தது.

"இத்தனை சட்டையையும் யார் உதறுவா?"

இடி உதறினார்.

மறுநாள் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே விளக்கு இல்லை, விசிறி இல்லை. ஆனால் சூரியன் இருந்தது. கண் கூச, பந்து பின்னால் போக, இவர் வில்லாக வளைந்து வீசிய வீச்சு பந்தில் படாமல் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் விழுந்தது. குழாய் இரண்டானது. சற்று நேரத்தில் மாடி வீட்டு வக்கீல் தலை நிறைய சோப்போடு படியேறி வந்தார்.

"சார், தண்ணி நின்னுடுச்சு."

"வரும் சார்."

"எப்ப சார்? கண்ணு எரியுது!"

குழாய் ரிப்பேர்காரர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மட்டையைப் பார்த்தார். "இதாலயா சார்? நல்ல அடி!"

கல்லூரியை விட்ட பிறகு அவர் ஆட்டத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அன்று மாலை மட்டையை உறைக்குள் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"ஒட்டகத்துக்கு. முட்டி வலி, வரலைன்னு சொல்லிடறேன்."

அவள் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கே! கல்யாணமான புதுசுல கரண்ட் போனா, விசிறிக்கிட்டே அந்த சர்வீஸ் கதை. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, பஸ் ஸ்டாப்புல அந்தக் கதை. பிரசவ வார்டுல நான் வலியில துடிக்கிறேன், அங்கயும் அந்தக் கதை. இவ்வளவு கேட்டிருக்கேனே, ஒரு தடவையாவது நான் கண்ணால பாக்க வேணாமா?"

அவர் மட்டையை மறுபடி உறையிலிருந்து எடுத்தார். ஒட்டகத்தை ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவருக்கும் அது ஒன்றுதான் ஆசை: இவள் அந்த சர்வீஸை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

"ஆனா பந்து நேரா போக மாட்டேங்குதே!"

"அளவு எடுக்காம வெட்டினா எந்தத் துணியும் கோணத்தான் செய்யும். வாங்க இப்படி."

கையைத் தூக்கி நிற்கவைத்து, மட்டையின் நுனிவரை நாடா பிடித்தாள். வீட்டின் பின்பக்கம், மாடி ஜன்னல் மேல் நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடிலிருந்து நூல் கட்டி, அதில் பெரிய கோட்டுப் பொத்தானைத் தொங்கவிட்டாள். கீழே தையல் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"பந்து பொத்தானைத் தொடணும். இந்த வட்டத்துல விழணும்."

"கொஞ்சம் விலகினா என்ன?"

"என் கடையில கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது. மறுபடி போடுங்க!"

தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் அதே வேலை. இவர் போடுவார், அவள் பட்டன் காஜா எடுத்தபடியே, நிமிராமல் "கோணல்" என்பாள். ஒரு நாள் பந்து எழுந்து, பொத்தானை முத்தமிட்டு, வட்டத்தின் நடுவில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப சரி."

சந்திப்பு நாள் வந்தது. செம்மண் போய் சிமெண்டுத் தரை வந்திருந்தது. வேலி மட்டும் அதே வேலி. அதற்கு வெளியே வழுக்கைத் தலைகளும் தொப்பைகளும். எங்கிருந்தோ ஒரு நடுங்கும் குரல், "இடி!" என்றது. கூட்டமே பிடித்துக்கொண்டது. "இடி! இடி!"

அவருக்குக் கண் கலங்கியது. பந்தை ஏற்றி வைத்தார். அலமாரித் தட்டில் வைத்த மாதிரியே நின்றது. பலமெல்லாம் சேர்த்து ஒரு அடி!

ஒட்டகம் சோம்பலாக ஒரு எட்டு வைத்து, பந்தை மூலைக்குத் திருப்பி அனுப்பியது.

அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். இவர் தூக்கிப் போடும்போதே ஒட்டகம் போய் இடம் பிடித்துக் காத்திருந்தது. செட் சீக்கிரமே முடிந்துவிட்டது. தோற்ற கதை தெரியாதவள் போல முன்வரிசையில் மனைவி ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து நின்று கைதட்டினாள்.

தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

"பாத்தியா?" என்றார், மூச்சிரைக்க.

"பாத்தேங்க. அப்படியே நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. அதற்குள் ஒட்டகம் வலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் தோளில் கை போட்டு, கவலையோடு அவர் முகத்தைப் பார்த்தது.

"டேய் இடி, அந்தக் காலத்துல நீ தூக்கிப் போடற பந்து பின்னால போகுமா, பக்கத்துல ஓடுமான்னு உனக்கே தெரியாது; நீ அதைத் துரத்திக்கிட்டுப் போய் எங்கேர்ந்து அடிப்பேன்னு தெரியாமத்தானேடா நாங்க அத்தனை பேரும் தோத்தோம், அதை எந்தப் பாவிடா நேராக்கிவிட்டது?"