மாமா, தயவுசெய்து ஃபெயில் ஆகுங்கள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகனின் வணக்கம். இங்கே யாவரும் நலம். அங்கே அத்தையும் உங்கள் வலது கண்ணும் நலமென நம்புகிறேன். இடது கண்ணின் நலத்தை விசாரிக்கவில்லை. அதை ஸ்கேன் எடுத்தவனே நான்தான்.

ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை. அதன் நட்டநடுப் புள்ளி மாகுலா. எழுத்தும் முகமும் அங்கேதான் துல்லியமாக விழும். உங்கள் இடது மாகுலாவின் அடியில் நீர் கோத்து, ஈரச் சுவரில் பெயிண்ட் உப்புவதுபோல் உப்பியிருக்கிறது. அப்படிப்பட்ட கண்களுக்குத்தான் எங்கள் ஆஸ்பத்திரி நடத்தும் ஆய்வில் புது மருந்து. எழுத்து அட்டையை நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அதில் இடமில்லை. இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் வரவழைத்தேன். நீங்கள் வந்து நூற்றுக்கு நூறு வாங்கினீர்கள்.

வாழ்நாளெல்லாம் டியூஷன் சென்டர் நடத்தியவர், பரீட்சை என்றால் சும்மா இருக்க முடியாது, புரிகிறது. அதற்காக வலது கண்ணால் படித்த வரிகளை மனப்பாடம் செய்து இடது கண்ணுக்கு ஒப்பிப்பதா? நான் எழுத்து அட்டையின் விளக்கைப் போடவே இல்லை மாமா, நீங்கள் கடைசி வரியில் இருந்தீர்கள். ஓரிடத்தில் தடுமாறியபோது பின்னாலிருந்து அத்தை இருமினார், உடனே திருத்திக்கொண்டீர்கள். "அத்தை, பேசாம இருங்க"ன்னு சொன்னா, "தொண்டை கமறுதுப்பா, அதுக்குமா உங்க ஆஸ்பத்திரியில தடை?"ன்னு என்னையே கேக்குறாங்க. சரி, குடும்பத்தோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. காத்திருக்கும் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் வகுப்பெடுத்திருக்கிறீர்கள். அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டே முழு அட்டையையும் சொல்லிவிட்டு, "வெளிய ஒரு சார் சொல்லிக்குடுத்தாரு. கட்டாயம் கேப்பாங்களாம்" என்றார். போகும்போது கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டார். எங்கள் புள்ளிவிவரக்காரர் அன்றைய கணக்கைப் பார்த்துவிட்டு, "மருந்து குடுக்குறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் குணமாயிருக்கே, தண்ணியில கலந்துட்டியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்ல? எங்க மாமா ரிசல்ட் காட்டிட்டாருன்னா?

டாக்டரிடம் மன்றாடினேன். "திங்கக்கிழமை வேற அட்டை வெச்சு ஒரு தடவை பாக்கலாம். அதுலயும் இப்படியே படிச்சார்னா அனுப்பிடுவேன்" என்றார். அனுப்பினால் பாஸாகிவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். அந்த நீர் அங்கேயே கிடந்து தழும்பாகும். தழும்பான பிறகு நான் வந்தாலும் சரி, எங்கள் டாக்டர் வந்தாலும் சரி, ஒன்றும் கிழிக்க முடியாது.

ஆகவே, ஒரே ஒரு தடவை ஃபெயில் ஆகுங்கள். உண்மையில் நீங்கள் ஃபெயில்தான், அதை மறைக்காமல் இருந்தால் போதும். அக்கம்பக்கத்தில் மூச்சு விட மாட்டேன்.

தங்கள் ஆரோக்கியத்தையும் தோல்வியையும் வேண்டும்,
மருமகன்

பி.கு.: இதை உறையில் போடுமுன் விஷயத்தை அத்தையிடம் ஃபோனில் சொல்லித் தொலைத்தேன். சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டார். "மத்தியானத்துலேர்ந்து ஃபெயிலாகப் பழகுறாருப்பா. ரெண்டு கண்ணுமே தெரியலைங்கிறாரு. காலண்டரைக் காட்டுனா சன்னல்ங்கிறாரு. எதையாவது அரைகுறையா செய்யுற ஆளா அவரு?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "இன்னொண்ணு. வலது கண்ணைப் பொத்திக்கிட்டு என்னை எதிர்ல நிக்கச் சொன்னாரு. 'உன் காது தெரியுது, தோளு தெரியுது, மூஞ்சி இருக்குற இடத்துல கறையா இருக்கு'ன்னாரு. அது நடிப்பு இல்லப்பா."

மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பாஸும் வேண்டாம், ஃபெயிலும் வேண்டாம். அத்தையிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன்.