உலகத்தைச் சூடாக்கிய டீசல் அண்ணன்

உலகம் சூடாகிக்கொண்டே போகிறதே, யார் காரணம் என்று கேட்டால் ஒவ்வொரு நாடும் பக்கத்து நாட்டைக் கைகாட்டும். “நான்தான்ப்பா” என்று தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறார். பெயர் டீசல் அண்ணன்.

ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருக்கலாம். நான் கேட்டதில்லை. தபால்காரரே “டீசல் அண்ணா, போஸ்ட்” என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம், திருவிழா, கரண்டு போன சின்னப் பட்டறை, எதற்கு வேண்டுமானாலும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அவர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலை.

வாழ்நாளெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று பேசியதால் அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. “சாப்பிட்டியாப்பா?” என்று என்னைக் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் “ஆச்சுங்க” என்று பதில் சொல்வார். ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, நடுவில் கன்னடத்துக்குப் போய், தெலுங்கில் முடிப்பார். மூன்றிலும் அதே சத்தம். அவர் மனைவி ரத்னம்மா அக்காவோ அம்மன் கோயில் கருவறையில் பேசுவது மாதிரி பேசுவார். அந்த வீட்டில் முப்பது வருஷமாகக் குடும்பம் எப்படி நடந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஐந்து ஜெனரேட்டர்கள் வைத்திருந்தார். ஐந்துக்கும் நதிகளின் பெயர். “கங்கா இருமறா. காவேரிக்கு ஆயில் மாத்தணும்” என்பார். புதிதாக வந்த நான் அவருக்கு ஐந்து பெண் குழந்தைகள் என்று நினைத்து, ஒரு மாதம் அவர்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே மகள்தான். பவித்ரா. கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா டீசல், மகள் பேட்டரி. தினமும் காலையில் கம்பெனி பஸ் வரும் வரைக்கும் வாசலில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடக்கும்.

“உன் வண்டி வயித்துல எங்கம்மா சத்தம்? சத்தமில்லாத வண்டிய எவன் நம்புவான்?”

“உங்க புகையில அம்மா காயப்போட்ட புடவை எல்லாமே ஒரே கலராகிப் போச்சுப்பா. அதை முதல்ல பாருங்க.”

ஒரு ஏப்ரல் மாதம் எல்லாம் மாறிவிட்டது. அந்த வருஷ வெயில் ஓசூருக்குப் பழக்கமில்லாத வெயில். ஃபேன் போட்டால் அடுப்பங்கரைக் காற்று வந்தது. அப்போது டிவியில் உலக வெப்பமயமாதலைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஓடியது. பனிமலை உருகுவதைக் காட்டினார்கள், கடல் ஏறுவதைக் காட்டினார்கள். டீசல் அண்ணன் பொரி தின்றுகொண்டு பார்த்தார். கடைசியில், நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிக்கிற புகைதான் காரணம் என்று சொல்லி, ஒரு ஜெனரேட்டரையும் காட்டிவிட்டார்கள். அவர் கையிலிருந்த பொரி கையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் மாடிக்கு ஏறி வந்தார்.

“ஏம்ப்பா, நீ படிச்சவன். ஒண்ணு கேக்கறன், சொல்லு. நான் மொத ஜெனரேட்டர் வாங்கன வருஷம் இந்த ஊர்ல மே மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுட்டுதான் பால் வாங்கப் போவோம். அப்புறம் ரெண்டாவது வாங்கனன். ஸ்வெட்டர் போச்சு. மூணாவது வாங்கனன். ஃபேன் வந்துச்சு. இப்ப அஞ்சு இருக்குது. ஊரே ஏசி கேக்குது. அப்ப யாருப்பா காரணம்?”

“அண்ணா, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டி, ஃபேக்டரி, அனல் மின் நிலையம் இருக்கு. உங்க அஞ்சு ஜெனரேட்டரால ஒண்ணும் ஆகாது.”

“ஒவ்வொருத்தனும் இப்படித்தான் சொல்லியிருப்பான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் ஊரிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். டீக்கடையில் வியர்த்து வழிந்துகொண்டு டீ ஆற்றும் மாஸ்டரிடம் போய், “தப்பா நெனச்சுக்காதீங்க, நம்மளாலதான்” என்றார். பாகலூர் ரோடு சிக்னலில் வெயிலில் நின்ற போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு “சார், மன்னிச்சுடுங்க, நான்தான் பண்ணன்” என்று கண்கலங்கினார். போலீஸ்காரர் பயந்துபோய், எந்த ஸ்டேஷன் லிமிட்டில் பண்ணினார் என்று விசாரித்திருக்கிறார். உலகம் முழுக்க என்று அண்ணன் பதில் சொன்னதும், இளநீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு வாரத்தில் ஐந்து நதிகளையும் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார். நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. மறுத்துவிட்டார். “அங்க போய் மட்டும் புகைவிடாம பூவா விடப்போவுது?” என்றார். காவேரியை லாரியில் ஏற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்னம்மா அக்கா ஏதோ சொன்னார். அவர் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இல்லை.

மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல்கள் வந்தன. என் துணிக்கொடி போயிற்று. அக்காவின் மிளகாய் வற்றல் தெருவுக்கு இறங்கியது. அண்ணனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காலையில் பழைய வேட்டியால் ஒவ்வொரு பேனலாகத் துடைத்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, “வாங்க வாங்க, இன்னைக்கு ஏன் லேட்டு?” என்று சூரியனையே விசாரிப்பார். மீட்டரில் முள் ஏறினால் ஓடிவந்து என் கதவைத் தட்டுவார். “ஓடுதுப்பா. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, ஒரு பொட்டுப் புகை இல்ல, மிக்ஸி ஓடுது.” ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு நானும் போய் மிக்ஸி ஓடுவதை வேடிக்கை பார்ப்பேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் மிக்ஸிகூட அதிசயமாகத்தான் இருக்கும்.

அப்போது ஏதோ கூட்டத்துக்காகத் தெருமுனையில் ஒரு தலைவருக்கு வானளாவ கட்அவுட் வைத்தார்கள். மத்தியானம் ஆனால் தலைவரின் நிழல் அண்ணன் மாடியில் விழுந்தது. நேராகக் கட்சிக்காரரிடம் போனார்.

“தலைவரைக் கொஞ்சம் ஓரமா திருப்பி வைங்களேன். நிழல் என் பேனல் மேல விழுது.”

“தலைவர் நிழல் விழறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்ண்ணே.”

“எனக்கு மோட்டார் ஓட மாட்டேங்குதேப்பா.”

பேச்சு வார்த்தை இரண்டு நாள் நடந்தது. கடைசியில் தலைவரை ஓரமாக நகர்த்தினார்கள்; அங்கே அவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள் அதில் ஏதோ அரசியல் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் சரி, தொழில் படுத்துவிட்டது. பேனலில் சேர்த்த கரண்டை பெரிய பேட்டரிகளில் நிரப்பி, டெம்போவில் வைத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். “மழை வந்தா என்னண்ணா பண்றது?” என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். பாகலூர் போகும் வழியில் கல்யாண மண்டபம் வைத்திருந்த அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் மட்டும், பரிதாபப்பட்டு, கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரையாகப் பேனல்களைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்; அண்ணனும் போட்டுவிட்டார்.

அந்த மண்டபத்தில்தான் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அவள் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர், கன்னடக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். அண்ணன் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார்: “என் பொண்ணு கல்யாணத்துல ஒரு சொட்டு டீசல் எரியாது. பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.”

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் தூறல் பிடித்தது. ஓசூர்த் தூறல் உங்களுக்குத் தெரியாது. பெய்கிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாமல், கடன்கொடுத்தவன் மாதிரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். சூரியன் தலைகாட்டவே இல்லை. முதல் நாள் வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பாட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்து ஆடித் தீர்த்தார்கள். அவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் பேட்டரியில் ஒரு கோடு குறைவதை அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தால் முகூர்த்தம். காலை ஏழு மணிக்கு ஏரியாவில் கரண்டு போயிற்று. மழையில் எங்கேயோ லைன் அறுந்துவிட்டதாம். ஏசிக்காக ஜன்னல்களையெல்லாம் மூடிக் கட்டிய மண்டபம், குகை மாதிரி. பேட்டரி விளக்குகள் மெல்ல மஞ்சளாகின. அண்ணன் ஓடி ஓடிச் சீரியல் விளக்கை அணைத்தார், மைக்கை அணைத்தார், ஃபேன்களை அணைத்தார். மேடையில் இரண்டு விளக்குகள் மட்டும் மிச்சம். பிறகு அதுவும் சிமிட்ட ஆரம்பித்தது. புரோகிதர் பவித்ராவின் தோழியை மணமகள் என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

சம்பந்தி எழுந்தார். “ஸ்வாமி, ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்திருக்கேன். சமையல்கட்டுப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்.”

அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்த ஜெனரேட்டர் கிளம்பவில்லை. நான்கு பேர் மாறி மாறி முயன்றார்கள். இருமியது, உறுமியது, அடங்கிவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் ஜெனரேட்டர் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

அண்ணன் தார்ப்பாய்க்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டார். என்னைப் பார்த்து, முதல் தடவையாக என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பொண்ணு கல்யாணம்ப்பா” என்றார்.

அவர் ஸ்பேனரை எடுத்தபோது பின்னால் சத்தம் கேட்டது. “அப்பா, கையை எடுங்க.” பவித்ரா மாலையும் கழுத்துமாகச் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். “கரண்டு எதுக்குப்பா? வெளிய இவ்வளவு வெளிச்சம் இருக்குது. கார் ஷெட்டுல உங்க பேனலுக்குக் கீழ ஒரு சொட்டு மழை விழல. அங்க வெச்சுக்கலாம்.”

சம்பந்தி கார் ஷெட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மண்டபமே கிளம்பிவிட்டது. கார்களை வெளியே தள்ளினோம். மணைப்பலகை ஒருவர் தலையில், ஹோமகுண்டம் இருவர் கையில், நாற்காலிகள் எல்லோர் கையிலும். நாதஸ்வரக்காரர் நடந்துகொண்டே வாசித்தார். டீசல் அண்ணன் நடுவில் நின்று மூன்று மொழியிலும் வழிநடத்தினார். மைக் இல்லாத குறையே தெரியவில்லை. பேனல் கூரைக்குக் கீழே, சுற்றிலும் தூறல் திரைபோல விழ, நல்ல பகல் வெளிச்சத்தில் தாலி ஏறியது. அட்சதையைத் தூவிவிட்டு ரத்னம்மா அக்கா, “எவ்வளவு அழகா இருக்குதுங்க” என்றார். அது அண்ணன் காதில் விழுந்தது. அவர் ஓவென்று அழ ஆரம்பித்தார். எல்லை தாண்டி ஆனேக்கல் வரைக்கும் கேட்டிருக்கும்.

மேகம் கலைந்து சூரியன் வந்தபோது நாங்கள் பாயசத்தில் இருந்தோம். அணைக்க மறந்திருந்த பாட்டுப் பெட்டிகள் திடீரென்று உயிர்பெற்று அலறின. சம்பந்தியின் இலையிலிருந்த பாயசம் சட்டைக்கு ஏறியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துடைத்துக்கொண்டே, “நம்ம ரோஜாத் தோட்டத்து மோட்டாருக்கும் இதைப் போடலாமா, ஸ்வாமி?” என்று கேட்டார். அண்ணனின் முதல் பெரிய ஆர்டர் அதுதான். அந்தத் தோட்டத்தைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டம், அப்புறம் பேட்டையில் இருந்த சின்னப் பட்டறைகளின் கூரைகள். தார்ப்பாய்க்குள் இருந்த ஜெனரேட்டரை யாரும் அப்புறம் கிளப்பிப் பார்க்கவில்லை.

நான் வேலை மாறிச் சேலத்துக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு வேலையாக ஓசூர் போனபோது அவர் வீட்டில்தான் சாப்பாடு. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறார். ஆனால் பேச்சில் அதே பரபரப்பு. எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் வீணாகிறது என்று வழி நெடுகக் காட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பிற்பகல் பஸ். எனக்கு முன்னால் அவர் ஏறினார். டிரைவரிடம் பஸ் எந்தப் பக்கமாகத் திரும்பும் என்று கேட்டார், ஜன்னல் வழியே மேலே பார்த்தார், இடது பக்கத்தில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து அதில் என் பையை வைத்தார்.

“இங்க உக்காரு. சேலம் போற வரைக்கும் உன் மேல வெயில் படாது.”

அவர் இறங்கிப் போனதும் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “யாருங்க, கூடப் பொறந்தவரா?”

ஆமாம் என்று சொன்னேன்.