ஆட்சேபணை இல்லாத குடியிருப்பு

மனித குல வரலாற்றில் முன்முடிவு என்னும் நோய் அடியோடு ஒழிக்கப்பட்ட முதல் இடம், கோயமுத்தூரில் சிங்காநல்லூருக்குச் சற்று உள்ளே இருக்கும் எங்கள் 'சமரச நிழல்' அபார்ட்மென்ட்தான் என்பதை, அதன் செயலாளர் என்ற முறையில் நாட்டுக்கு அறிவிக்கிறேன். நம்பாதவர்கள் கேட்டுக்கு வந்து பார்க்கலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்குகிறது. அதற்குக் கீழே "வேலைக்காரர்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது" என்று ஒரு பலகையும் உண்டு. அது வேறு விஷயம்.

சான்றிதழ் தந்தவர் சபுரா. கோட்டைமேட்டுக்காரர். தனித்தனியாக நல்லவர்களாக இருப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்று கம்பெனிகளுக்குப் பாடம் எடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மொட்டைமாடிக்கு அழைத்து 'முன்முடிவு ஒழிப்புப் பயிலரங்கம்' நடத்தினோம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிக்க வேண்டும்.

"இந்தக் கை எந்தச் சாதிங்க? எந்த மதமுங்க?" என்று கேட்டார் சபுரா.

"தெரியலீங்க!" என்று மொட்டைமாடியே முழங்கியது. பம்புசெட் பட்டறை மாரப்பன் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு போண்டா சாப்பிட்டோம். சமத்துவம் வந்துவிட்டது.

சில நாளில் சபுரா மறுபடி வந்தார். அவர் குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். மகளுக்கு எங்கள் கேட்டுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறதாம். எங்கள் இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலி. அதன் உரிமையாளர் சீனிவாசலு ஈரோட்டில் இருக்கிறார். "சங்கம் சரின்னா எனக்குஞ் சரிங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. சபுரா குடிவருவதை ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆகவே ஏகமனதாக மறுத்தோம்.

முடிவை நானே உரிய பண்பாட்டோடு தெரிவித்தேன். "எங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க அம்மணி. மத்தவங்க என்ன நெனப்பாங்களோன்னுதானுங்க."

"அந்த மத்தவங்க பயிலரங்கத்துக்கு வரலீங்களா?"

"ஒருத்தர் விடாம வந்தாங்களே!"

"அப்ப யாருன்னு காட்டுங்க சார். நானே பேசிக்கிறேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள எனக்கு ஒரு ஊடு வேணுமுங்க."

நியாயமான கோரிக்கை. 'மத்தவர்கள் கண்டறியும் குழு' அந்த இடத்திலேயே அமைக்கப்பட்டது. தலைவர் நான். உறுப்பினரும் நான். இருவரும் சபுராவை அழைத்துக்கொண்டு படியேறினோம்.

முதல் கதவு மாரப்பனுடையது. "எனக்கென்னுங்க அம்மணி! நா அழுதனே, பாத்தீங்கல்ல? மேல வெங்கடம்மாதான் கொஞ்சம் பழைய ஆளு. காபி குடிச்சுப்போட்டுப் போங்க."

குடித்தார். எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்புகிற ஈனப் பழக்கம் கிடையாது. வீடு கொடுக்காமல் அனுப்பலாம்.

வெங்கடம்மாள் சபுராவின் கன்னத்தைத் தடவினார். "நானா ஆகாதுன்னேன்? உன்ற கையப் புடிச்சுட்டு உக்காந்தவளே நாந்தானே, கண்ணு! எதுத்த ஊட்டுத் தமிழ்வேந்தன்தான் என்ன சொல்லுமோ. இரு, காபி கொண்டாரேன்."

தமிழ்வேந்தன் முற்போக்காளர். பனியனிலேயே புரட்சி வாசகம் அச்சிட்டிருப்பவர். "எனக்கு மதமே கெடையாதுங்க. சனங்க மாறணும். அதுக்கு ஒரு தலைமுறை ஆகும். அதுவரைக்கும் வேற ஊடு பாத்துக்குங்களேன். சக்கரை போடலாமுங்களா?"

இப்படியே ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டியது. கடைசிக் கதவு திறந்தது. என் மனைவி சண்முகப்ரியா காபியோடு நின்றாள்.

"வயித்துலயும் இடமில்லீங்க" என்றார் சபுரா.

"நீங்க வந்தா எனக்குச் சந்தோசமுங்க. என்ற ஊட்டுக்காரருதான் ஒத்துக்க மாட்டாரு" என்று டம்ளரை அவர் கையில் திணித்தாள் சண்முகப்ரியா.

குழுத் தலைவராகிய நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். சபுரா என் பக்கம் திரும்பினார். "சார்?"

"நானா? எனக்கென்னுங்க அம்மணி! மத்தவங்க..." என்று தொடங்கிய பிறகுதான், கதவுகள் தீர்ந்துபோனதைக் கவனித்தேன். மாடிப்படியைப் பார்த்தேன்.

"மேல இன்னும் யாராச்சும் இருக்காங்களா சார்?"

"தண்ணித் தொட்டிதானுங்க."

சபுரா கையிலிருந்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது போத்தனூரில் இருக்கிறார். அவர் மகள் இரண்டு பஸ் மாறி எங்கள் கேட்டுக்கு எதிரே வந்து இறங்குகிறாள். நாங்கள் பார்த்தால் கையசைக்கிறோம்.

இதற்கிடையே சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. பழைய கசப்பு எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சபுராவையே மறுபடி அழைப்பது என்று பெருந்தன்மையோடு தீர்மானித்தோம். நான்தான் போன் செய்தேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்க சார்" என்றார் அவர். "மத்தவங்க என்ன நெனப்பாங்களோன்னுதானுங்க."

பாடம் எடுப்பவருக்கே எங்கள்மேல் எவ்வளவு முன்முடிவு பாருங்கள். சங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

இரண்டாம் மாடி வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவர் குடிவருவதில் இங்கே ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை.