நெட்வொர்க் கார்டுக்குப் பட்டா மாற்றிய கதை

ஓடுகிற லாரியின் பானெட்டைத் திறக்காதே என்பது எங்கள் நாமக்கல் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விதி. ஐந்து வருடம் சர்வர்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப் பண்ணை. நாலு பக்கமும் அடைத்த நீளமான ஷெட், உள்ளே இருபதாயிரம் கோழிகள். வெயில் ஏற ஏற ஃபேன்கள் வரிசை வரிசையாகத் தானே ஓடும். ஈரத் திரையில் தண்ணீர் இறங்கும். இதற்கு ஒரு கம்ப்யூட்டர், கேமராவுக்கு ஒன்று, முட்டை லோடு எழுத ஒன்று. மூன்றும் அரதப் பழசு. ஆனால் மூன்றும் ஓடின. வீட்டிலிருந்தே வேலை என்று ஊரோடு வந்து சேர்ந்த நான், அவற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"மூணையும் ஒரே லினக்ஸ் சர்வருக்குள்ள போட்டர்றேன். ஒரே பெட்டி, உள்ளுக்குள்ள மூணு வர்ச்சுவல் மெஷின்" என்று சாப்பிடும்போது அறிவித்தேன்.

என் ஓரகத்தி பூங்கொடி அக்கா என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். பண்ணையை உண்மையில் நடத்துவது அவர்தான். "ஒரே ஊட்டுக்குள்ள மூணு அடுப்பா? சண்ட வராதா கண்ணு?" என்றார்.

"அதெல்லாம் வராதுங்க்கா" என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

கத்திரி வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குள் கேமராவும் முட்டை லோடும் புதுப் பெட்டிக்குள் குடியேறிவிட்டன. ஃபேன் மட்டும் முரண்டு பிடித்தது. அந்த மென்பொருளுக்கு நிஜமான நெட்வொர்க் கார்டே வேண்டுமாம், போலி ஆகாதாம். சரி என்று புதுக் கார்டு ஒன்றைச் செருகி, அதை அப்படியே ஃபேன் மெஷினுக்குக் கொடுத்தேன். பாஸ்த்ரூ என்பார்கள். நம் பாஷையில் தாரை வார்ப்பது. கொடுத்த பிறகு அந்தக் கார்டில் சர்வருக்கு எந்த உரிமையும் கிடையாது.

கொடுத்தேன். மறுபடி இயக்கினேன். சர்வரே காணாமல் போனது. என் லேப்டாப்புக்கு அது எட்டவில்லை, கேமரா இருண்டது, ஃபேன் மெஷினும் பேச்சை நிறுத்தியது.

ஃபேன்களுக்குக் கைச் சுவிட்ச் உண்டு. ஈரத் திரைக்குத் தண்ணீர் விடும் மோட்டாருக்கு இல்லை, கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஓடும். உச்சி வெயிலுக்குள் அது ஓடாவிட்டால் அடைத்த ஷெட்டில் கோழிகள் சுருண்டு விழும். பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப மாட்டலாமே என்பீர்கள். அதைக் காலையில் வாசலில் வந்த பழைய இரும்புக்காரருக்கே போட்டிருந்தேன். (அத்தனை நம்பிக்கை!)

என் கணவர் செந்திலை சுவிட்ச் போர்டுக்கு அனுப்பினேன். "தெர்மாமீட்டரப் பாத்துப் பாத்து சுவிட்சப் போடுங்க. அஞ்சே நிமிஷம்."

சர்வருக்கு மானிட்டர் இல்லை. மானிட்டர் இல்லாத சர்வர்தான் நாகரிகம் என்று சொன்னவளும் நானே. வேறு வழியில்லாமல் வீட்டு டிவியைச் சுவரிலிருந்து கழற்றிப் பண்ணை அறைக்குத் தூக்கி வந்தோம். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், ரிமோட்டும் கையுமாக வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் தப்பை நாற்பத்து மூன்று அங்குலத்தில் பார்த்தது அதுவே முதல் முறை.

"என்னான்னு சொல்லுது?" என்றார் அக்கா.

"நாங் குடுத்த கார்டும், சர்வரு தனக்குன்னு வெச்சிருந்த கார்டும் ஒரே குரூப்புங்க்கா. ஒண்ணக் குடுத்தா ரெண்டும் சேந்து போயிருதுங்க."

"கூட்டுக் கெணறுன்னு சொல்லு!" என்றார் அக்கா. "கூட்டுக் கெணத்து மோட்டாரக் கழட்டி ஒருத்தனுக்குக் குடுத்தா, பங்காளி காடு காயாம என்ன பண்ணும்? தனி போரு போட்டுக்கோணும். அக்கட்டால ஒரு ஓட்ட சும்மாதான கெடக்குது? அதுல மாட்டிப் பாரு."

திறந்து கிடந்த பெட்டியில் அவர் காட்டியது மேல் ஸ்லாட்டை. சிரிக்க வாயெடுத்த எனக்குச் சட்டென்று உறைத்தது. மேல் ஸ்லாட் நேராக பிராசசருக்குப் போகிறது; அதற்குத் தனிக் குரூப் இருக்கும்! கார்டைப் பிடுங்கி அதில் மாட்டினேன். டிவியில் பார்த்தால் இரண்டு கார்டும் தனித்தனிக் குரூப்பில். நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

ஆனால் மோட்டார் ஓடவில்லை. மணி பதினொன்றரை. ஷெட்டிலிருந்து செந்திலின் குரல்: "அஞ்சு நிமிஷம் இன்னும் முடியலீங்களா?" இரும்புக்காரர் காலில் விழுவதென்றே முடிவு செய்து வண்டிச் சாவியைத் தேடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங் கண்ணு, பாகம் பிரிச்சா பட்டா மாத்தோணுமல்ல? மாத்துனியா?"

சாவியை அப்படியே போட்டேன். ஸ்லாட் மாறினால் கார்டின் முகவரியும் மாறும். சர்வரோ என் பழைய குறிப்பைப் பிடித்துக்கொண்டு பழைய சர்வே நம்பரிலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டே வரி. மாற்றி எழுதி, இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

மோட்டார் ஒரு முறை உறுமியது. ஈரத் திரையில் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. மீதி ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. செந்தில் ஷெட்டிலிருந்து பேயைக் கண்டவர் போல ஓடி வந்தார். "அண்ணி, நாந் தொடவே இல்லீங்க! தானா ஓடுதுங்க!"

அக்காவைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அன்றைக்கு ஒரு கோழிகூடச் சாகவில்லை. உலகக் கோப்பையை எனக்குத் தந்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

போன மாதம் என் அலுவலகத்தில் ஒரு குழு இதே சிக்கலில் இரண்டு நாள் முட்டி மோதியது. "ஸ்லாட்டை மாத்துங்க, அப்புறம் பட்டாவை மாத்துங்க" என்று பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். கோழிப் பண்ணையில் என்றேன். நம்பவில்லை.

வீட்டில் இப்போது எது மக்கர் செய்தாலும், மிக்சியே ஆனாலும், "பட்டா மாத்தியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. சர்வரை நான் மறுபடி இயக்க வேண்டிய நாட்களில், ஃபேன்களைக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, அக்கா வாசலில் நின்று சத்தம் போடுவார்: "நம்ம பழைய சர்வரு எங்க போச்சு?"

"வாரேனுங்க" என்று செந்தில் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடப்பார். போகிற வழியில் மறக்காமல் என்னைக் கேட்பார், "அஞ்சு நிமிஷந்தான?"