ஹரிஹர துர்க்கத்தின் ஏழாவது விதி

தஞ்சைத் தரணிக்குக் கோட்டைகள் புதிதல்ல. ஆனால் செங்கல் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், டெண்டர் இல்லாமல், கட்டி முடிக்குமுன் திறப்பு விழாவும் இல்லாமல் எழுந்த ஒரே கோட்டை ஹரிஹர துர்க்கம்தான். திருவையாறு சாலையில், வயல் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் பொன்வயல் அவென்யூவில், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஹரிஹரசுப்ரமணியன் வீட்டுச் சாப்பாட்டு மேசை மீது, ஒரு வரைபடத்தாளில் அது எழுந்தது. வரலாறு மறதிக்காரி. அதனால் நாம் எழுதி வைக்கிறோம்.

ஹரிஹரசுப்ரமணியன் பணியிலிருந்தபோது அவர் ஒரு முறை இருமினால் கிளையே எழுந்து நிற்கும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வீட்டில் இருமிப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. "கஷாயம் வைக்கட்டுமா?" என்று சமையலறையிலிருந்து மனைவி ஆனந்தத்தின் குரல் மட்டும் வந்தது. மகன் கனடாவில். நன்னிலம் பக்கத்து நிலமெல்லாம் அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டது. அதிகாரம் செய்யப் பழகிய மனிதர் அதிகாரம் செய்ய எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஷமீரா எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். நாகப்பட்டினத்துக் கடைக்காரக் குடும்பத்துப் பெண். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். கூடவே ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தாள். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஷமீரா நடுவர். "முன்னால ஒரு குகை. உள்ளேருந்து புகை வருது. என்ன பண்றீங்க?" என்பாள். ஆளாளுக்கு ஒரு வேஷம் உண்டு. என்ன செய்வோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

ஞாயிறுதோறும் ஹரிஹரசுப்ரமணியன் மாவீரன் வஜ்ரபாகு ஆனார். மூட்டுவலியால் இரண்டு படி ஏறாதவர், நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடி நாலு மலை ஏறினார். அவென்யூவின் மூன்றாவது தெரு ஆடிட்டர் விஸ்வா மந்திரவாதி. ஆனந்தம் வைத்தியச்சி, "இவர் என்ன பண்றார்னு ஒரு கண் வச்சுக்கத்தான்" என்று சேர்ந்தவர். மின்வாரிய உதவிப் பொறியாளர் தமிழ்மாறன் ஒற்றன். விஸ்வாவின் கார் மெயின் கேட்டில் சல்யூட்டோடு நுழையும். தமிழ்மாறனின் பைக்கை மட்டும் காவலாளி ஒவ்வொரு வாரமும் நிறுத்தி, "ஈபி ஆளா? சைடு கேட்டு" என்று கை காட்டுவார். மூன்று வருஷமாகக் காட்டுகிறார். கடமையில் இத்தகைய விடாப்பிடி இன்று எங்கே கிடைக்கும்?

மூன்று வருஷ வீரத்துக்குப் பரிசாக அரசர் வஜ்ரபாகுவுக்கு ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அன்று ஹரிஹரசுப்ரமணியன் சாப்பாட்டைக் கூட மறந்தார். "ஆனந்தம், நம்மளுதுன்னு ஒரு இடம்!" என்று இரண்டு முறை சொன்னார். ஷமீரா ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"சார், கோட்டை விழுந்தா உங்க நாலு பேர் ஆட்டமும் அதோட சரி. வஜ்ரபாகு திரும்ப வரமாட்டார்."

"விழுந்தாத்தானே!" என்றார் சார்.

வடிவமைப்புக் குழு உடனே கூடியது. சமையல்கட்டு அக்னி மூலைக்குப் போயிற்று. மந்திரசாலைக்கு ஈசானி மூலை வேண்டும் என்று விஸ்வா ஒற்றைக் காலில் நின்று வாங்கிக்கொண்டார். நெற்களஞ்சியம், ஆயுதக்கிடங்கு, மூலிகைத் தோட்டம், நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு, சுற்றிலும் முதலை விட்ட அகழி. முன்வாசலில், தூக்கினால் கதவாகிவிடும் தூக்குப்பாலம், அதைச் சங்கிலியில் இழுக்க உள்பக்கம் பெரிய ராட்டினம், தாழ்ப்பாள். வெள்ளைக் குதிரைக்குத் தரையில் கருங்கல் பாவிய லாயம்.

"ஒவ்வொரு வசதிக்கும் ஆளுங்க உண்டு சார்" என்றாள் ஷமீரா. "சமைக்க, குதிரையப் பாத்துக்க, ராட்டினம் இழுக்கப் பத்துப் பேரு, எல்லாம் சேத்து அம்பது அறுபது குடும்பம். அவங்க எங்க தங்கறாங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் வருவதற்குத்தானே பண்பாடு என்று பெயர். ஹரிஹரசுப்ரமணியனின் பென்சில் தானாக அகழியைத் தாண்டியது. தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டது.

"கிழக்கால. வெளியில."

"ஏன் சார் வெளியில?"

"அதான் வழக்கம்."

"எந்த வழக்கம்? இந்தக் கோட்டைய நீங்க இப்பத்தானே கட்டறீங்க?"

"வழக்கம்னா வழக்கம்தாம்மா" என்று விஸ்வா சட்ட விளக்கம் அளித்தார். "காத்தும் அங்கேருந்து இங்க அடிக்காது பாரு."

குதிரைக்கு உள்ளே இடம், குதிரையைக் குளிப்பாட்டுகிறவனுக்கு வெளியே இடம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒற்றனுக்கு அறை? "ஒற்றன்னா வெளியதானே இருக்கணும்? அதுதான் உங்களுக்கும் வசதி" என்றார் ஹரிஹரசுப்ரமணியன், உண்மையான பிரியத்தோடு. தமிழ்மாறன் சின்னக் கட்டங்களை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்க சார்" என்றார்.

அடுத்து விதிகள். நம் மேலாளர் அவென்யூ நலச்சங்கத்தின் பெயரளவுச் செயலாளரும் ஆவார். அவென்யூ விதிகளையே அப்படியே எடுத்துக் கோட்டைக்குப் பொருத்தினார். அதில் ஏழாவது விதி: 'பணியாளர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் உட்புறத்தில் காணப்படலாகாது. மீறினால் வேலையும் குடியிருப்பும் ரத்து.' படித்ததும் விஸ்வா எழுந்து நின்று கை கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஷமீரா ராட்சதப் படையை அனுப்பினாள்.

"சாயங்காலம் ஏழு மணி. வடக்கே பந்தம் தெரியுது. ராட்சதங்க வர்றாங்க."

வஜ்ரபாகு பதறவில்லை. "பாலத்தைத் தூக்கு!"

"யாரு தூக்கறது?"

"ராட்டினத்து ஆளுங்க."

"ஆறு மணிக்கே போய்ட்டாங்களே சார். ஏழாவது விதி."

உள்ளே இருந்த மூன்று பேரும் சேர்ந்து சங்கிலியை இழுத்துப் பார்த்தார்கள். பகடையில் ஒன்று விழுந்தது. "மந்திரவாதிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று ஷமீரா அறிவித்தாள்.

"சரி, ஆளுங்களக் கூப்பிடு!"

"கூப்பிடவே வேணாம். பந்தத்தப் பாத்துட்டு அவங்களே குழந்தை குட்டியோட பாலத்துகிட்ட ஓடி வந்துட்டாங்க. ஆனா உள்ள கால் வைக்கல. வச்சா வேலை போயிடும், குடிசை போயிடும். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்னு நிக்கறாங்க."

கோட்டைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதை மூடத் தெரிந்தவர்களைத் தவிர, வேறு யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

"சொல்லுங்களேன்" என்றார் ஆனந்தம். "உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஹரிஹரசுப்ரமணியனுக்கு வஜ்ரபாகு வேண்டும். கோட்டை வேண்டும். அது போனால் திங்கட்கிழமை முதல் அவர் மறுபடியும் இருமினால் கஷாயம் வரும் மனிதர். எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தார். அந்த வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"கொல்லைப் பக்கமா வரச் சொல்லு" என்றார்.

"கொல்லைப் பக்கம் அகழி சார். முதலை விட்டிருக்கீங்க."

"அவசரப்படாதீங்க" என்றார் விஸ்வா. "இன்னிக்கு உள்ள விட்டா நாளைக்கு நம்ம கிணத்துல வாளி போடுவாங்க. விதியில ஒரு திருத்தம் போட்டுட்டு விடலாம். 'தற்காலிகமாக' அப்படின்னு ஒரு வார்த்தை சேருங்க."

"தற்காலிகம்னா எது வரைக்கும்?" என்று கேட்டார் ஹரிஹரசுப்ரமணியன். பேனாவை எடுத்தவுடன் அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. "ராட்சதங்க போற வரைக்குமா? ராட்டினத்த இழுத்து முடிக்கற வரைக்குமா?"

"இழுத்து முடிக்கற வரைக்கும். அப்புறம் வெளியேறிடணும்."

"பாலத்தத் தூக்கினப்புறம் எப்படிங்க வெளியே போவாங்க?" என்றார் ஆனந்தம்.

அதற்கு ஓர் உபவிதி தேவைப்பட்டது. ஷமீரா ராட்சதக் காய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு தமிழ்மாறன் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஒற்றனும் பாலத்துகிட்டதானே நிக்கறான். என்ன பண்றான்?"

"சார் கூப்பிடுவார்னு பாத்துக்கிட்டு நின்னான்." தமிழ்மாறன் ஹரிஹரசுப்ரமணியனின் முகத்தைப் பார்த்தார். அவர் உபவிதியிலிருந்து தலை நிமிரவில்லை. "இனிமே நிக்கல. ஆளுங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போயிடறான்."

பகடை உருண்டது. அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ராட்சதர்கள் பாலத்தின் மேல் சாவகாசமாக நடந்து வந்தார்கள். உபவிதியின் மூன்றாவது வரியில் வஜ்ரபாகு வீரமரணம் அடைந்தார். ஹரிஹரசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம். நாம் அதைக் கேலி செய்யவில்லை.

ஷமீராவுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுத் திருத்தி வாங்க சார். புதுக் கோட்டை ஒண்ணு தரேன். வஜ்ரபாகுவோட தம்பி வரட்டும்" என்றாள்.

ஒரு வாரம் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதிய வரைபடத்தோடு வந்தார். முகத்தில் பழைய மேலாளர் களை. தாளை மேசையில் விரித்தார். அதே அகழி, அதே லாயம், அதே கிணறு. கிழக்கே அதே சின்னக் கட்டங்கள்.

"தப்பக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். "தப்பு தாழ்ப்பாள்ல! எல்லாத்தையும் உள்பக்கம் வச்சதுதான் கோளாறு. இப்பப் பாருங்க, தாழ்ப்பாளையும் ராட்டினத்தையும் வெளிப்பக்கம் மாத்திட்டேன். அவங்க உள்ள வராமலே கதவ மூடிடலாம். விதியும் கெடாது, கோட்டையும் போகாது!"

"பிரமாதம்!" என்று விஸ்வா கை தட்டினார். ஆனந்தம் காபி கலக்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

தமிழ்மாறன்தான் மெதுவாகக் கேட்டார். "மூடறத மூடிருவோம் சார். திறக்கறது?"

"அதையும் அவங்களே பாத்துப்பாங்க" என்றார் ஹரிஹரசுப்ரமணியன், பெருந்தன்மையோடு. தமிழ்மாறன் 'மூடிருவாங்க' என்னாமல் 'மூடிருவோம்' என்றதை அவர் கவனிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. வெளியே தாழ்ப்பாள் வைத்த கட்டடத்துக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர்தான். உள்ளே இருப்பவர்கள் மட்டும் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கோட்டை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.