முறிச்சு சாரும் கிணற்றுக் கொக்கியும்

கம்பம் பள்ளத்தாக்கில், நல்ல பொருளை முறித்துக் கெடுப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் முறிச்சு சார்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யார் கண்டது?

எழுபதுகளின் கடைசி. தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க், அவர் டெஸ்டிங் லேப் இன்ஸ்ட்ரக்டர். லேபில் ஆளை விட உயரமாக ஒரு மிஷின். இரும்புக் கம்பியை மாட்டினால் இரண்டு முனையையும் பிடித்து இழுக்கும். டயலில் முள் ஏறும். கடைசியில் வேட்டு போட்டது போல ஒரு சத்தம். சார் ஓடிப்போய் முறிந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"பாத்தீகளா, நீண்டு, கழுத்து மெலிஞ்சு, அப்புறந்தேன் அத்திருக்கு. நல்ல இரும்பு சொல்லிட்டுத்தேன் போகும். மட்டமான சரக்கு சொல்லாமக் கொள்ளாம சடக்குனு போயிரும்" என்பார்.

லேபோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். புதுச் செருப்பின் வாரைக் கடையிலேயே இழுத்து இழுத்துப் பார்த்ததில், போடி பஜார் செருப்புக்கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். முறுக்கைக் கொடுத்தால் ஒடித்து, ஒடிந்த இடத்தை உற்றுப் பார்த்து, "உள்ள வேகல" என்பார். அதற்கப்புறம்தான் வாயில் போடுவார்.

என் அக்கா வாக்கப்பட்ட ஊர் மயிலாடும்பாறை. அந்த வருஷம் கிணறு வற்றி, பருத்தி வாட ஆரம்பித்தது. கிணற்றை ஆழமாக்க மச்சான் கிரேன் பிடித்தார். ஆள் இறங்குகிற தொட்டியை மாட்டும் கொக்கி தேய்ந்திருந்ததால் ஆண்டிபட்டிப் பட்டறையில் புதிதாக ஒன்று அடித்து வாங்கினார். முதலில் இறங்கப் போவது மச்சான்தான். அக்கா அந்தக் கொக்கியைத் துணியில் சுற்றி என் கையில் திணித்தாள்.

"ஏலே தம்பி, ஒங்க காலேசுல கொடுத்துப் பாரு. தாங்கும்னு சொன்னாத்தேன் அவுகள எறங்க விடுவேன்."

கொண்டுபோய்ச் சாரிடம் கொடுத்தேன். மிஷினில் மாட்டினார். முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. கொக்கி மெல்ல வாய் விரிந்தது. அப்புறம் டமார். சார் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அருமையான இரும்பு. ஒங்க மச்சான் மாதிரி பத்துப் பேரு தொங்கலாம்" என்று இரண்டு துண்டுகளை என் கையில் வைத்தார்.

"எதுல சார் தொங்குறது?"

அப்போதுதான் அது கொக்கி என்பதே சாருக்கு உறைத்தது.

மச்சான் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கான்னு கேட்டா, நல்லா இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பியிருக்காகளே" என்றார்.

அதே பட்டறையில், அதே இரும்பில் இன்னொரு கொக்கி வந்தது. இந்தத் தடவை மச்சான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மிஷின் இருக்கிற ஊர்ப் பக்கமே அனுப்ப மாட்டேன் என்றார். சோதிக்காமல் இறங்கினால் நானும் கூடவே குதிப்பேன் என்றாள் அக்கா. வீட்டில் அடுப்பு எரியவில்லை. காட்டில் பருத்தி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் அகப்பட்டு நான் முழித்தேன்.

லேபில் போய் நான் புலம்ப, ஞாயிற்றுக்கிழமை சாரே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். கொக்கியின் வாயை நூல் வைத்து அளந்தார். தொட்டி நிறையக் கல்லை ஏற்றி, இறக்கித் தூக்கச் சொன்னார். மறுபடி அளந்தார். கொக்கி நூலளவும் விரியவில்லை. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்ற சார், கல்லை எல்லாம் இறக்கச் சொல்லி, தானே தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலை சுற்றுகிற மனிதர்.

"சார், நீங்க எதுக்கு?" என்று பதறினேன்.

"முறிச்சுப் பாக்காம நான் எதையும் நல்லதுன்னு சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லப் போறேன். அப்ப நாந்தேன மொதல்ல எறங்கணும்?"

கண்ணை இறுக மூடிக்கொண்டார். கிரேன் அவரைக் கீழே இறக்கியது. மேலே வந்தபோது முகம் வெளிறி, பேன்ட்டெல்லாம் சேறு. நேரே அக்காவிடம் போனார்.

"பயப்படாதீக தாயி. நல்லா இருக்கு."

மச்சான் இறங்கினார். அக்கா அடுப்பைப் பற்றவைத்துக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சார் எலும்பைக் கடித்து ஒடித்து, ஒடிந்த முனையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அதன் பிறகு எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ விஷயத்துக்கு "நான் கேரண்டி" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முறிச்சு சார்தான் கண்ணுக்குள் வருகிறார், தொட்டிக்குள் குந்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அந்த முகத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.